"போல" வந்தாலே உவமை என்று எழுதிவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

சுண்ணக்கட்டி:
ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். அணி நடத்தி மூன்று வாரம் ஆகிறது. போன வாரச் சோதனையில் ஒரு பத்தி கொடுத்து அணிகளைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். அதில் "மழை வரும் போல இருக்கிறது" என்று ஒரு வரி, சும்மா பத்தி ஓடுவதற்காக எழுதியது. பாதிப் பேருக்கு மேல் அந்தப் "போல"வுக்கு அடியில் கோடு போட்டு உவமை அணி என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவன் இன்னும் ஒருபடி மேலே போய் உவமானம் மழை, உவமேயம் வானம் என்று பிரித்தே காட்டிவிட்டான்! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. "போல, அன்ன, நிகர வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம்" என்று கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டவள் நான்தான்.

அதே பத்தியில் "அவள் கோபத்தில் கொதித்தாள்" என்றும் ஒரு வரி இருந்தது. அதை ஒருவர்கூடத் தொடவில்லை. கேட்டால் "அது சாதாரணமா பேசறதுதானே மிஸ்" என்கிறார்கள்.

எங்கிருந்து மறுபடி தொடங்குவது? அணியின் பெயரை முதலில் சொல்வதா, கடைசியிலா? பட்டியலை மனப்பாடம் செய்யவைக்க எனக்கு இஷ்டமில்லை, ஆனால் தேர்வில் பெயரைத்தான் கேட்கிறார்கள், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பின்வரிசை:
பெயரைத் தள்ளிப் போடுங்கள் டீச்சர், குறைந்தது இரண்டு வகுப்புக்காவது. நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறேன்: எந்த இரண்டு பொருள், அவற்றில் எது ஒத்துப்போகிறது? "மழை வரும் போல" வரியில் இரண்டாவது பொருளே கிடையாது, அங்கே போல என்பது நம் ஊகத்தைத்தான் சொல்கிறது, அதனால் இந்தக் கேள்வியைக் கேட்டதுமே அது தானாக உதிர்ந்துவிடும். "தம்பி அப்பாவைப் போல உயரம்" என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆனால் மனிதனை மனிதனோடு வைத்து அளந்திருக்கிறோம், அவ்வளவுதான். மனிதனைப் புலியோடு வைக்கும்போதுதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

ஒரு நாள் "புலி போலப் பாய்ந்தான்" என்று எழுதிப்போட்டு, எதெல்லாம் ஒத்துப்போகிறது என்று கேட்டேன். வேகம், பலம், பயமில்லாமை என்று வரிசையாக வந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், அப்போ அவனுக்கு வால் இருக்குமா?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான். அப்புறம் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் ஒட்டுவது, மறுபக்கம் ஒட்டாதது என்று எழுதவைத்தேன். வால், கோடு, நான்கு கால், காடு எல்லாம் ஒட்டாத பக்கம் போயின. எழுதியவன் எதைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்கிறான் என்பது தெரிந்தால்தான் எதைப் பார்க்கச் சொல்கிறான் என்பதும் தெரிகிறது. அன்றிலிருந்து என் வகுப்பில் இதற்குப் பெயர் "வால் கேள்வி". எந்த உவமை வந்தாலும் யாராவது ஒருவர் "வால் எங்கே" என்று கேட்டுவிடுவார்கள்.

ஒத்துப்போவது எது என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே நாலு பெட்டி இருக்கிறது: வினை, பயன், மெய், உரு. புலி போலப் பாய்வது வினை, மழை போல வழங்கும் கை பயன், உடுக்கை போன்ற இடை மெய், அதாவது வடிவம், பவளம் போன்ற வாய் உரு, அதாவது நிறம். சூத்திரம் வேண்டாம், நாலு பெட்டி மட்டும் கொடுத்து உவமைகளைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். இது எந்தப் பெட்டி என்று அவர்களே சண்டை போடுவார்கள், நீங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம்.

இலக்கணப்பித்து:
பெயரைத் தள்ளிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் இல்லாவிட்டால் "அந்த மாதிரி ஒண்ணு" என்றுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதலில் உங்கள் விதியைப் பார்ப்போம் டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், அதிலேயே ஓட்டை இருக்கிறது. போல, அன்ன என்கிற உவம உருபு வராவிட்டால் உருவகம் என்றால் தேன்மொழி என்ன? தேன் போன்ற மொழி, உருபு மறைந்து நிற்கிறது, அது உவமைத்தொகை. அதையே திருப்பி மொழித்தேன் என்று போடுங்கள், மொழியாகிய தேன், இப்போதுதான் உருவகம். மதிமுகம், முகமதி என்றும் ஒரு ஜோடி கொடுங்கள். இரண்டு சொல் இடம் மாறினால் அணி மாறுவதைப் பிள்ளைகள் ஒரு வித்தையைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள்.

இப்போது நானே "மாதிரி" என்று எழுதிவிட்டேன் பாருங்கள். நன்னூல் போல, புரைய, ஒப்ப என்று தொடங்கி 12 உருபுகளை அடுக்கிவிட்டு "பிறவும்" என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த 12இல் நம் பிள்ளைகள் நாள் முழுக்கப் புழங்குகிற "மாதிரி" இல்லை. "புரைய" என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்? மாதிரியில் தொடங்குங்கள்.

உருவகத்துக்குப் பத்தாவது குறள் போதும். பிறவி கடல் என்று சொன்னவர், கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். "கடல் சரி, அப்போ தெப்பம் எது?" என்று கேளுங்கள். விடை அவர்கள் வாயிலிருந்தே வரும். வந்த பிறகு ஏகதேச உருவகம் (ஒன்றை மட்டும் உருவகமாக்கி, அதோடு சேர்ந்ததைச் சொல்லாமல் விடுவது) என்ற பெயரைச் சொன்னால் கனமாகத் தெரியாது.

பின்வரிசை:
ஆக நீங்களும் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறீர்கள் :)

இலக்கணப்பித்து:
அதே வகுப்பில் சொல்கிறேன். நீங்கள் இரண்டு வகுப்பு தள்ளச் சொன்னீர்கள்.

இன்னொன்று விட்டுப்போனது. "போல" இருந்தும் வெறும் உவமை என்று நிறுத்த முடியாத இடத்துக்குச் சிலப்பதிகாரத்து மதுரைக் கொடிகள் இருக்கின்றன. காற்றில் ஆடுகிற கொடி, கோவலனையும் கண்ணகியையும் "வராதீர்கள்" என்று கைகாட்டுவது போல அசைந்தது என்கிறார் இளங்கோ. கொடி ஆடியது காற்றினால், காரணத்தை ஏற்றியவர் கவிஞர். அதனால்தான் தற்குறிப்பேற்றம். போலவைப் பார்த்துக் கோடு போடுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஒற்றைப்புள்ளி:
நான் ஆசிரியை இல்லை, அம்மா. என் மகனுக்கு 12 வயது, ஆட்டிசம் உண்டு. சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வான். ஒருமுறை வகுப்பில் யாரோ கம்பி நீட்டிவிட்டான் என்று டீச்சர் சொல்ல, வீட்டுக்கு வந்து எந்தக் கம்பி, எவ்வளவு நீளம் என்று அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால் "யோசிச்சுப் பாரு, உனக்கே தெரியும்" என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் அவனை ரொம்பக் குழப்பியது, ஏனென்றால் எவ்வளவு யோசித்தாலும் கம்பியிலிருந்து ஓடிப்போவதற்குப் போய்ச்சேர முடியாது. புலியையும் பாய்ச்சலையும் யோசித்துப் பிடிக்கலாம், மரபுத்தொடர் அப்படி இல்லை. பொருளை நேராகச் சொல்லிக் கொடுத்துவிடுவதுதான் நியாயம், தயவுசெய்து புதிராக்காதீர்கள்.

நாங்கள் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இடதுபக்கம் சொல்லை அப்படியே படமாக வரைவான் (கம்பி நீட்டியதற்கு ஒருவன் கையில் இரண்டு பக்கம் நீளும் கம்பி), வலதுபக்கம் பொருளும் அதை யாரிடம் சொல்லலாம் என்பதும். "டீச்சரிடம் சொல்லக் கூடாது" என்று சிலவற்றுக்கு எழுதியிருக்கிறான், சரியாகத்தான். தமிழ் இரண்டாம் மொழியாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன்.

மணியடிச்சாச்சு:
"கொதித்தாள்" கண்ணில் படவில்லை என்றதற்கு மட்டும் ஒரு பதில். அது தவறில்லை, உருவகம் அவ்வளவு பழகிவிட்டது. மொழியியலாளர் லேக்காஃப், தத்துவ அறிஞர் ஜான்சன் இருவரும் 1980இல் எழுதிய புத்தகமே இதைப் பற்றித்தான், நாம் அன்றாடம் யோசிப்பதே உருவகத்தில்தான் என்பார்கள். கோபத்துக்கு நாம் சொல்கிற வினைகளை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டுப் பலகையில் எழுதுங்கள்: சூடானான், கொதித்தான், பொங்கினான், வெடித்தான், தணிந்தான், ஆறினான். எழுதி முடித்து, "இதெல்லாம் வேறு எதுக்குச் சொல்லுவோம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். நேரத்துக்கும் செய்யலாம், செலவழிக்கிறோம், மிச்சம் பிடிக்கிறோம், வீணாக்குகிறோம். பொருள்களில் வேண்டுமென்றால் ஊசிக்குக் காது, கடிகாரத்துக்கு முள், குடத்துக்கு வாய், கழுத்து. நாற்காலிக்குப் பெயரிலேயே கால்.

சுண்ணக்கட்டி:
எல்லாருக்கும் நன்றி. முதலில் கரும்பலகை விதியை நானே அழித்து, "மிஸ் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அதற்கே கைதட்டல். கோபப் பட்டியலில் பதினோரு வினை வந்தது, "ஆவி பறந்தது" என்று ஒருத்தி சொன்னதும் நான் எதுவும் கேட்காமலே "மிஸ், எல்லாம் அடுப்புல வைக்கிறது!" என்று ஒரு குரல். ஊசிக்காதில் பத்து நிமிடம் போய்விட்டது, வால் கேள்விக்கு நேரமில்லை, நாளைக்கு. ஒற்றைப்புள்ளி, உங்கள் மகனின் நோட்டு யோசனையை வகுப்பு முழுவதற்கும் எடுத்துக்கொள்கிறேன்.

நிலா, தாமரை, தேன் மூன்றுக்கும் தடை போட்டுச் சொந்தமாக எழுதச் சொன்னேன். உவமானம் மழை என்று எழுதினானே, அதே பையன், "என் தம்பி ஒரு அலாரம், நிறுத்துகிற பொத்தான்தான் எங்கே என்று தெரியவில்லை" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உவமை அணி என்று போட்டிருக்கிறான். வாக்கியத்துக்கு முழு மதிப்பெண் போட்டேன், பெயருக்குப் பூஜ்யம். இடைவேளையில் வந்து, "தம்பி நிஜமா அலாரம் இல்லையே மிஸ், அலாரம் மாதிரிதானே, அப்போ உவமைதானே" என்று சண்டைக்கு நிற்கிறான். என்ன பதில் சொல்வது?

இலக்கணப்பித்து:
"மாதிரி" என்று அவன் எழுதவில்லையே, வாயால் சொன்னதற்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லுங்கள்.

பின்வரிசை:
அரை மதிப்பெண் போட்டுவிடுங்கள் டீச்சர், இவ்வளவு வாதாடுகிறான்.