கிட்ஸ்பியூல் உயரம் 760 மீட்டர்தானாம், பனி இருக்குமா? நம்பிப் போகலாமா?

செக்காலை_ரோடு

எல்லோருக்கும் வணக்கம். தம்பி மியூனிக்கில் வேலை பார்க்கிறான், மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், இந்த முறை போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. நான், வீட்டுக்காரி, எட்டு வயது மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, ஆனால் பனியைக் கையால் தொடாமல் காரைக்குடிக்குத் திரும்ப மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். தம்பி சொல்வது ஆஸ்திரியாவில் இருக்கும் கிட்ஸ்பியூல். அவன் வீட்டிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம் போலத்தானாம். மூன்று ராத்திரி தங்கல், மகளுக்கு ஸ்கீ (பனிச்சறுக்கு) கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

இங்கேதான் குழப்பம். டிராவல்ஸ் நடத்தும் நண்பர் ஒருவர், "அந்த ஊர் வெறும் 760 மீட்டர், நம்ம ஊட்டியே 2240, அங்கே போய் புல்லைப் பார்த்துவிட்டு வருவீர்கள், பேசாமல் சுவிஸ் பேக்கேஜ் எடுத்து டிட்லிஸ் ஏறிவிட்டு வாருங்கள்" என்கிறார். அந்த பேக்கேஜை விற்பதும் அவர்தான் என்பது வேறு விஷயம். ஆனால் நெட்டில் தேடினாலும் "தாழ்வான இடம், ஜாக்கிரதை" என்றுதான் வருகிறது.

தேதியும் சிக்கல். அரையாண்டு லீவில் போகலாம் என்றால் அம்மாவுக்குப் பிள்ளையார் நோன்பு இருக்கிறது, அது முடிந்து கிளம்பினால் டிசம்பர் கடைசி. இல்லாவிட்டால் பொங்கல் லீவை ஒட்டி, மகளுக்கு நாலைந்து நாள் பள்ளிக்கூடம் போகும். எது நல்லது? அங்கே போனவர்கள் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான்2மியூனிக்

அண்ணே, முதலில் அந்த ஊட்டிக் கணக்கை விட்டுவிடுங்கள். ஊட்டி 11 டிகிரி வடக்கு, கிட்ஸ்பியூல் 47 டிகிரி வடக்கு. தொட்டபெட்டா 2637 மீட்டர், கிட்ஸ்பியூலில் சறுக்குபவர்களை மேலே ஏற்றிவிடும் மிக உயரமான லிஃப்டே 2000 மீட்டர் சுற்றில்தான் நிற்கிறது, ஆனாலும் தொட்டபெட்டாவில் வருவது மார்கழியில் கொஞ்சம் உறைபனி, அவ்வளவுதான். ஆல்ப்ஸில் 'தாழ்வு' என்பது பக்கத்து மலைகளோடு ஒப்பிட்டுச் சொல்வது.

ஆனால் நண்பர் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 760 என்பது ஊரின் உயரம், ரயிலடி, கடைவீதி இருக்கும் இடம். நீங்கள் சறுக்கப்போவது அங்கே இல்லை. ஊரிலிருந்தே கோண்டோலா (கேபிள் கார்) ஏறினால் ஹானென்காம் மலை மேல், 1600-க்கு மேலே கொண்டுபோய் விடும். நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், கீழே 3 டிகிரியில் மழை தூறிக்கொண்டிருக்கும்போது மேலே மைனஸ் 2, 3-ல் பனி கொட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு இடத்தைப் பார்க்கும்போது ஊர் உயரத்தைக் கேட்காதீர்கள், கோண்டோலா இறக்கிவிடும் இடம் எத்தனை மீட்டர், அங்கேயே திரும்பத் திரும்பச் சறுக்கும் அளவுக்கு லிஃப்ட் இருக்கிறதா, இதைக் கேளுங்கள். இருந்தால் கீழே புல் தெரிந்தால்கூடக் கவலை இல்லை, சாயங்காலம் சறுக்கி இறங்காமல் கோண்டோலாவிலேயே இறங்கிவிடலாம். சில ஊர்களில் உச்சிக்குப் போகும் லிஃப்ட் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் 1200-க்குக் கீழே. அந்த மாதிரி இடம்தான் வம்பு.

அடுத்தது, பனிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. கிட்ஸ்பியூல் மலைகள் கோடையில் மாடு மேயும் புல்வெளி. புல் மேல் ஒரு முழம்கூட வேண்டாம், சாண் உயரம் அழுத்தமான பனி விழுந்தாலே சறுக்கலாம். பாறையும் கல்லுமாக இருக்கும் உயரமான மலையில் அது மாதிரி மூன்று நான்கு மடங்கு வேண்டும். நம்ம ஊரில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே வளவு முழுக்க ஓடும், கரடுமுரடான தரையில் நாலு வாளி ஊற்றினாலும் குழியிலேயே நின்றுவிடும், அந்தக் கணக்குத்தான். சரிவு வடக்குப் பார்த்ததா என்றும் பாருங்கள். ஒரே மலையில் தெற்குச் சரிவு மார்ச்சில் மத்தியானமே கூழாகிவிடும், வடக்குச் சரிவில் பனி அப்படியே கிடக்கும்.

நான் ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன், கிட்ஸ்பியூல் ஐந்து முறை போயிருக்கிறேன். நாலு முறை நன்றாக இருந்தது, ஒருமுறை மட்டும் டிசம்பரில் போய்க் கை சுட்டுக்கொண்டேன்.

தேவகோட்டை_ரஸ்தா

கானாடுகாத்தான் அண்ணன் ரொம்ப நல்லவிதமாகச் சொல்கிறார். நான் சுட்டுக்கொண்ட கதையையும் கேளுங்கள்.

2022 டிசம்பர் 29-ம் தேதி, பேர் சொல்லவில்லை, 1000 மீட்டருக்குக் கீழே இருக்கும் ஒரு ஊர். அறை ஆறு மாதத்துக்கு முன்னாலேயே முழுப்பணம் கட்டி எடுத்தது. போய் இறங்கினால் ஹோட்டல் வாசலில் மழை. மறுநாள் வெயில். மலை முழுக்கத் தவிட்டு நிறம், நடுவில் மட்டும் தெரு அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, அதுவும் மிஷின் பனி. அந்தக் கோட்டில் ஊரில் இருக்கிற அத்தனை பேரும். என் பையன் மூன்றாவது தடவை விழுந்தபோது கோட்டுக்கு வெளியே போய்ச் சேற்றில் உருண்டான், வாடகைக்கு எடுத்த உடுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் பார்த்த பார்வை இருக்கிறதே. லிஃப்ட் பாஸ் விலையில் ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை, ஒரு லிஃப்ட் ஓடினாலும் 'திறந்திருக்கிறது' என்றுதான் அர்த்தமாம்.

அந்த வருடம் எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2023 ஜனவரி 1 அன்று சுவிட்சர்லாந்தில் டெலெமோன்ட் என்ற ஊரில் 20 டிகிரியைத் தாண்டியது, புத்தாண்டில்! ஒரு வாரம் கழித்து ஆடெல்போடனில் ஸ்கீ உலகக்கோப்பைப் பந்தயமே பச்சையும் பழுப்புமான மலை நடுவில் செயற்கைப் பனி மேல்தான் நடந்தது.

2007-லேயே ஓஇசிடி (வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) ஒரு ஆய்வு போட்டது. ஆல்ப்ஸில் 666 ஸ்கீ இடங்களை எடுத்துப் பார்த்ததில் அப்போது 609 இடங்களில் இயற்கையான பனியை நம்பலாம், 1 டிகிரி கூடினால் பனிக்கோடு, அதாவது பனியை நம்பலாம் என்கிற உயரம், 150 மீட்டர் மேலே போய் 500 ஆகும், 2 டிகிரி கூடினால் 404. கழிகிறதெல்லாம் கீழே இருக்கிற ஊர்கள்தான். 'நம்பலாம்' என்பதற்கு அவர்கள் வைத்த அளவு, பெரும்பாலான வருடங்களில் 100 நாளாவது 30 சென்டிமீட்டர் பனி. அது லிஃப்ட் முதலாளிக்கு வேண்டிய கணக்கு. உங்களுக்கு வேண்டியது மூன்றே நாள். அந்த மூன்று நாள் டிசம்பர் 28-ல் விழுந்தால் சீட்டாட்டம், ஜனவரி நடுவில் விழுந்தால் பரவாயில்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

கானாடுகாத்தான்2மியூனிக்

தேவகோட்டைத் தம்பி சொல்வது சரி, தேதிதான் பாதி விஷயம். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சில வருடம் கிட்ஸ்பியூலில் அக்டோபரிலேயே லிஃப்ட் ஓட்டினார்கள். போன வருடத்துப் பனியைக் கோடை முழுக்க மூடிவைத்து, எடுத்துப் பரப்பிய ஒரு கீற்று. பச்சைப் புல்வெளியில் வெள்ளை ரிப்பன் மாதிரி போட்டோ வந்ததே, அதுதான். அதனால் 'இந்த ஊர் சீக்கிரம் திறக்கிறது' என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

செக்காலை அண்ணே, ஊருணி எப்படி, வெட்டின ஆழத்தைப் பார்த்தா நம்புகிறோம், வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்? இங்கே வரத்து என்பது பனிப் பீரங்கி, தண்ணீரைத் தெளித்துப் பனியாக்கும் மிஷின். சரிவு ஓரமாக வரிசையாக நிற்கிறதா, மேலே குளம் வெட்டித் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று அவர்கள் மேப்பிலேயே பார்க்கலாம். ஆனால் பீரங்கி இருந்தால் மட்டும் போதாது, குளிர் வேண்டும். மண்பானைத் தண்ணீர் ஏன் சித்திரையில் ஜில்லென்று இருக்கிறது, அடைமழை நாளில் ஏன் இருப்பதில்லை? காற்று உலர்ந்திருந்தால்தான் ஆவியாகிக் குளிரும். பீரங்கி தெளிக்கும் திவலையும் அப்படித்தான். காற்று உலர்ந்திருந்தால் தெர்மாமீட்டர் பூஜ்யம் காட்டும்போதே பனி பிடிக்கும், ஈரமாக இருந்தால் மைனஸ் 2, 3 வந்தாலும் இழுபறிதான். ஃபியோன் (Föhn) என்று மலையிலிருந்து ஒரு சூடான காற்று இறங்கும், அது வந்தால் பீரங்கியை மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி

தம்பி, எல்லோரும் சறுக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள், உங்க அம்மாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு 64, எனக்கும் முழங்கால்தான். மகள் கூட்டிக்கொண்டு போய் டிட்லிஸும் பார்த்தேன், இந்த மாதிரி தாழ்வான ஊர் ஒன்றிலும் நாலு நாள் இருந்தேன்.

டிட்லிஸில் கேபிள் கார் இறக்கிவிடும் இடம் 3020 மீட்டர். பனி கட்டாயம் இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாலு எட்டு வைத்ததும் எனக்கு மூச்சு வாங்கியது, காற்று முகத்தை அறுத்தது, ஒரு மணி நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டோம். தாழ்வான ஊரில் அப்படி இல்லை. பனி சுமந்து நிற்கிற மரங்களுக்கு நடுவில் தட்டையாக நடைபாதை, கடைவீதி, கோயில் மணிச் சத்தம், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் விழுந்து எழுந்திருப்பதைப் பார்க்கிற சாப்பாட்டுக்கடை. சறுக்காதவர்களுக்கு கோண்டோலாவில் மேலே போய் வர மட்டும் தனி டிக்கெட் உண்டு, முழுப் பாஸ் வாங்கிவிடாதீர்கள், என் மருமகன் வாங்கிவிட்டு இன்றைக்கும் பேச்சு வாங்குகிறார். ரொம்ப உயரமான ஊர்களில், வால் தோரென்ஸ் 2300 என்கிறார்களே அங்கெல்லாம், மரமே கிடையாது. மேகம் இறங்கினால் வானம் எது தரை எது என்று தெரியாதாம், காற்றடித்தால் லிஃப்டையும் நிறுத்திவிடுவார்களாம். உயரம் என்றால் சும்மா கிடைக்குமா?

நோன்பை நினைத்துத் தேதியைத் தள்ள வேண்டியதில்லை என்றும் சொல்வேன். எங்கே இருந்தாலும் மாவும் திரியும் இருந்தால் நோன்பு முடிக்கிற இழையை எடுத்துக்கொள்ளலாம், சிங்கப்பூரில் எடுக்கவில்லையா. ஆனால் டிசம்பர் கடைசியில் பனிக்காகப் போகாதீர்கள், பொங்கலை ஒட்டியே போங்கள்.

தேவகோட்டை_ரஸ்தா

ஆச்சி சொன்ன உயரக் கதைக்கு இன்னொன்று. காஷ்மீரில் குல்மார்க் 2650 மீட்டர், 2024 ஜனவரியில் வாரக்கணக்கில் வெறும் மண்ணாகக் கிடந்தது, பனி மாசக் கடைசியில்தான் வந்தது. ஆக, உயரமும் ஜாமீன் தராது.

செக்காலை_ரோடு

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் ஆச்சி எழுதியதை வாசித்துக் காட்டினேன், "இழையை ஊரில்தான் எடுப்பேன், பொங்கலுக்கு அங்கே போகலாம்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஜனவரி 12-ஐ ஒட்டி டிக்கெட் பார்க்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். அறையை இப்போதே போட்டுவிடலாமா? பனி நிஜமாக இல்லாவிட்டால் மாற்று என்ன?

கானாடுகாத்தான்2மியூனிக்

அறையை ரத்து செய்ய முடிகிற மாதிரி போடுங்கள், கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். 12-ஐ ஒட்டி என்பது நல்ல தேதி, அதற்கு அடுத்த வாரங்களில் ஹானென்காம் ஸ்கீ பந்தயம் வரும், 1931-லிருந்து நடக்கிறது. அந்த வாரம் மட்டும் ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகையைச் சொன்னால் உங்கள் நண்பரின் சுவிஸ் பேக்கேஜ் மலிவாகத் தெரியும். பந்தயத் தேதியைப் பார்த்துவிட்டே போடுங்கள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்து தினம் காலையில் வெப்கேம் பாருங்கள். சறுக்குப் பாதையைப் பார்க்காதீர்கள், அது பீரங்கி வேலை, எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். வீட்டுக் கூரையையும், நடு மலையில் பாதைக்கு வெளியே நிற்கிற மரத்தடியையும் பாருங்கள். அங்கே வெள்ளை இருந்தால் அம்மா கேட்ட பனி இருக்கிறது.

கூரையில் ஒன்றுமே இல்லை என்றால் அறையை மாற்ற வேண்டாம், ஒரு நாள் மட்டும் காப்ரூனுக்குப் போய்வாருங்கள், வண்டியில் ஒரு மணி நேரம். அங்கே கிட்ஸ்டெய்ன்ஹோர்ன் பனியாறு, 3029 மீட்டர் வரை கேபிள் கார் போகிறது. மகளுக்கு ஸ்கீ பிடிக்காவிட்டால் பக்கத்து கிர்ச்பெர்க்கில் கைஸ்பெர்க் மலையில் சறுக்குவண்டிப் பாதை இருக்கிறது, தம்பியோடு அனுப்பிவிடுங்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி

பிள்ளைக்குக் கையுறை இரண்டு ஜோடி எடுங்கள், ஒன்று பத்து மணிக்குள் நனைந்துவிடும். அம்மாவுக்கு அடியில் முள் வைத்த ரப்பர் பட்டை, பூட்ஸுக்கு மேல் மாட்டிக்கொள்வது, அதை அங்கே ரயிலடிப் பக்கம் கடையிலேயே வாங்கிவிட்டு அப்புறம் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். சீப்புச்சீடை ஒரு டப்பா போதும், தேன்குழல் பெட்டியிலேயே நொறுங்கிவிடுகிறது.