ஹெட்டிரோகுரோமேட்டின்: ‘உறங்குதிரி’ வேண்டாம், ‘இறுகுதிரி’ என்போம்

நண்பர்களே, வணக்கம்.

உயிரியல் கலைச்சொற்களுக்குத் தமிழில் வந்த பரிந்துரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த இழையான குரோமேட்டினுக்கு ‘நிறத்திரி’ எனக்குச் சம்மதம். அதில் இறுக்கமாகச் சுருண்ட பகுதியான ஹெட்டிரோகுரோமேட்டினுக்கு வந்த ‘வேற்றுநிறத்திரி’, ‘உறங்குதிரி’ என்ற இரண்டு சொற்களில்தான் தயக்கம். ‘வேற்றுநிறத்திரி’ என்றால் வேறு ஏதோ நிறம் என்றுதான் மாணவர் நினைப்பார். ஆனால் தாவரவியலாளர் எமில் ஹெய்ட்ஸ் 1928இல் மாஸ் (பாசி வகை) தாவரங்களில் கண்டு இந்தப் பெயரிட்டது, செல் பிரிந்து முடிந்த பிறகும் தளராமல் சாயத்தை அடர்த்தியாகப் பிடித்து நின்ற பகுதிகளை.

‘உறங்குதிரி’ காதுக்கு இனிமைதான், ஆனால் அங்குள்ள மரபணுக்கள் எல்லாமே உறங்குகின்றன என்று பொருள் பிசகுகிறது. பழ ஈயில் ‘லைட்’, ‘ரோல்டு’ என்ற மரபணுக்கள் ஹெட்டிரோகுரோமேட்டினுக்குள்ளேயே இருந்து வேலை செய்கின்றன. ‘லைட்’டை அங்கிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்தால்தான் அது தடுமாறுகிறது!

இந்தப் பகுதியின் புரதம் கிடைத்த விதத்தையும் பாருங்கள். உயிரியலாளர் சாரா எல்ஜினின் ஆய்வகத்தில் பழ ஈக் கருக்களிலிருந்து உட்கருப் புரதங்களைப் பிரித்து, எலிகளைக் கொண்டு அவற்றுக்கு எதிர்ப்பொருள்கள் (குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் மூலக்கூறுகள்) உண்டாக்கினார்கள். ஒவ்வொன்றும் எங்கே போய் ஒட்டுகிறது என்று பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களில் தேடினார்கள். அந்தச் சுரப்பியை எடுத்தவர்களுக்குத் தெரியும்: ஒரு இடுக்கியால் உடலையும் இன்னொன்றால் வாய்க்கொக்கியையும் பிடித்து மெல்ல இழுத்தால், கண்ணாடி போன்ற இரண்டு பைகள் கொழுப்போடு சேர்ந்து வெளியே வரும். கண்ணாடி வில்லையின் கீழ் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினால் குரோமோசோம் கைகள் வரிவரியாக விரியும். அத்தனை கைகளும் ஒரு முடிச்சில் வந்து சேரும்; அந்த முடிச்சுதான் ஹெட்டிரோகுரோமேட்டின் குவிந்த இடம். ஓர் எதிர்ப்பொருள் முக்கியமாக அந்த முடிச்சில்தான் ஒட்டியது. அது ஒட்டிய, 1986இல் வெளியான புரதம்தான் எச்.பி.1 (ஹெட்டிரோகுரோமேட்டின் புரதம் 1).

அப்புறம், 1930இல் மரபியலாளர் முல்லர் எக்ஸ் கதிரால் உண்டாக்கிய ஈ வகைகள். கண்ணின் சிவப்புக்குத் தேவையான மரபணு அந்த முடிச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் போய் விழுந்தால், கண் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகிவிடும். எச்.பி.1 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே சிவப்பு பெருமளவு திரும்பிவிடுகிறது. பக்கத்துக்கும் பரவுகிற இந்த இறுக்கம் பெயரில் தெரிய வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு: ஹெட்டிரோகுரோமேட்டின் ‘இறுகுதிரி’, தளர்ந்த பகுதியான யூகுரோமேட்டின் ‘நெகிழ்திரி’, எச்.பி.1 ‘இறுகுதிரிப் புரதம் 1’. ‘நிற’ விட்டுப்போகிறதே என்பீர்கள். சரிதான், ஆனால் ‘இறுகுநிறத்திரிப் புரதம்’ என்று வகுப்பில் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். ‘நிறத்திரி’ தாய்ச்சொல்லாக இருக்கும்போது இரண்டு பிள்ளைகளும் சுருக்கமாகவே இருக்கலாம்.

‘மரபணு இறுகுதிரிக்குப் பக்கத்தில் விழுந்ததால் அடங்கிவிட்டது.’ இந்த வாக்கியம் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது?