விளையாட்டுப் படங்களில் காதலுக்கும் விசுவாசத்துக்கும் என்ன வேலை?

கேள்வி:
வணக்கம். 'ராக்கி' (1976) படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தேன். குத்துச்சண்டைப் படம் என்று பெயர் பெற்றிருந்தாலும், செல்லப்பிராணிக் கடையில் வேலை செய்யும் ஏட்ரியனோடு நாயகன் தயங்கித் தயங்கிப் பழகும் காட்சிகளே என் மனத்தில் அதிகம் தங்கியிருக்கின்றன. விளையாட்டைப் பற்றிய படங்கள் பலவற்றில் காதலி பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கண் கலங்குவதோடு அவள் பங்கு முடிந்துவிடுகிறது. அவளை நீக்கிவிட்டாலும் கதைக்குக் குறைவு வராது. இந்தப் படத்தில் அப்படித் தோன்றாததற்குக் காரணம் என்ன?

முதல் பதில்:
நடப்புச் சாம்பியன் அப்பல்லோ கிரீடோடு ராக்கி மோதும் கடைசிச் சண்டையில் எது வெற்றி என்பதை முடிவு செய்வதே அந்தக் காதல்தான் என்று நினைக்கிறேன். சண்டைக்கு முந்தைய இரவு ராக்கி அரங்கத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, படுக்கையில் ஏட்ரியனின் அருகில் சாய்ந்தபடி, தன்னால் ஜெயிக்க முடியாது என்றும், கடைசி மணி அடிக்கும்வரை காலூன்றி நின்றுவிட்டால் போதும் என்றும் சொல்கிறான். பயிற்சியாளரிடமோ பத்திரிகையாளர்களிடமோ சொல்ல முடியாததை அவளிடம் சொல்ல முடிகிறது. அதனால்தான் 15 சுற்றுகளும் முடிந்து, நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பு அப்பல்லோ கிரீடுக்குச் சாதகமாக அமையும்போது, நமக்கு அது தோல்வியாகப் படுவதில்லை. தீர்ப்பு அறிவிக்கப்படும் நேரத்தில் அவன் அவள் பெயரைத்தான் கூவிக்கொண்டிருக்கிறான். நெரிசலில் சிவப்புத் தொப்பியைப் பறிகொடுத்துவிட்டு அவள் மேடையேறி வந்ததும், வீங்கி மூடிய கண்களோடு, தொப்பி எங்கே என்று கேட்கிறான். அந்த நிலையிலும் அவளிடம் தொப்பி இல்லாதது அவன் கண்ணில் படுகிறது! எனக்கு அந்த ஒரு கேள்விக்காகவே படம் பிடிக்கும்.

இரண்டாம் பதில்:
முந்தைய நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் காதலைப் பற்றி மட்டும் பேசினால் மிக்கி விடுபட்டுப் போகிறார். ராக்கியின் லாக்கரைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்த அதே பயிற்சியாளர், பட்டத்துக்கான வாய்ப்பு வந்தவுடன் வீடு தேடி வந்து, தன் பழைய புகைப்படத்தைக் காட்டி, தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். அவர் வெளியேறியதும் ராக்கி பல ஆண்டு மனக்குறையையெல்லாம் கத்தித் தீர்க்கிறான். படியிறங்கும் கிழவரின் காதில் அது விழுகிறது. பிறகு அவனே தெருவில் ஓடிப்போய் அவரைப் பிடிக்கிறான். கேமரா தொலைவிலேயே நின்றுவிடுவதால் என்ன பேசினார்கள் என்பது நமக்குக் கேட்பதில்லை. மனக்குறை முழுவதையும் கொட்டிய பிறகு கைகோத்ததால்தான் அந்த உறவை நம்ப முடிகிறது.

மூன்றாம் பதில்:
விசுவாசம் எப்போதும் நன்மையே செய்யும் என்பது போல உரையாடல் செல்வதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) இதன் மறுபக்கத்தையும் காட்டுகிறது. குத்துச்சண்டைப் பயிற்சியாளரான ரங்கன் வாத்தியார் தன் பரம்பரையின், அதாவது தன் குத்துச்சண்டைக் குழுவின், மானத்தைக் காப்பதற்கு இளைஞன் கபிலனைத் தேர்ந்தெடுக்கிறார். வாத்தியாராக அவர் செய்தது நியாயமே. ஆனால் அவருடைய சொந்த மகன் வெற்றிச்செல்வனுக்கு அதுவே ஆறாத காயமாகிறது. ஒருவரின் நேர்மை இன்னொருவருக்குப் புறக்கணிப்பாகும் இந்த இடத்தைப் பல படங்கள் தொடுவதே இல்லை.

அன்பும் அங்கே ஒரே முகத்தோடு வருவதில்லை. கணவனை ரௌடித்தனத்தில் இழந்த கபிலனின் தாய் பாக்கியம், மகன் சண்டைப் பக்கமே போகக்கூடாது என்று அடித்துத் திருத்தப் பார்க்கிறாள். அவன் சாராயத்தில் சீரழிந்த பிறகு, அவன் மீண்டும் பயிற்சிக்குப் போவதற்கு அவளே துணை நிற்கிறாள். கபிலனின் மனைவி மாரியம்மாளும் அழுதுகொண்டு ஓரமாக நிற்பவள் அல்லள். கணவனோடு நேருக்கு நேர் சண்டையிட்டு, அவன் செய்வது தவறென்றால் அதை முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். கேள்வி கேட்டவர் சொன்னது போல இந்த இருவரையும் கதையிலிருந்து நீக்கிப் பாருங்கள். கபிலன் கடைசிச் சண்டைக்கு வந்து சேர வழியே இருக்காது.