மீண்டும் அதே கதை: "நாசிம் ஹிக்மத் உருவாக்கிய ஓர்ஹான் கெமால்"

பருத்திக்கொட்டை:
நேற்று விடியல்தாசன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "துருக்கியின் சோஷலிச யதார்த்தவாதி, நாவலாசிரியர் ஓர்ஹான் கெமாலுக்குச் சிறையில் ஐந்தாண்டும் ஆசானாக இருந்தவர் கவிஞர் நாசிம் ஹிக்மத். அவர் இல்லையேல் இவர் இல்லை." ஐயா, தண்டனைதான் ஐந்தாண்டு. துருக்கியின் பூர்சா நகரச் சிறையில் சக கைதி நாசிமுடன் இருந்தது மூன்றரை ஆண்டு. 1965இல் கெமால் வெளியிட்ட நினைவுநூலின் பெயரே 'நாசிம் ஹிக்மத்துடன் மூன்றரை ஆண்டுகள்'. உள்ளே புரட்ட வேண்டாம், அட்டையையாவது பார்த்திருக்கலாம்.

விடியல்தாசன்:
ஒன்றரை ஆண்டு கூடிப்போனதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? சாரத்துக்கு வாருங்கள். நாசிம் பூர்சாவுக்கு வந்தபோது கெமால் கவிதை எழுதிக்கொண்டிருந்த இளைஞர். கேட்டுவிட்டு, மோசம் என்று முகத்துக்கு நேரே சொன்னார் நாசிம். பிறகு பிரெஞ்சும் தத்துவமும் கற்றுக்கொடுத்து, உரைநடைக்குத் திருப்பிவிட்டார். இதையெல்லாம் கெமாலே எழுதியிருக்கிறார். சீடரே ஒப்புக்கொண்டதை மறுக்கப் பருத்திக்கொட்டை யார்?

பருத்திக்கொட்டை:
நான் மறுத்தது ஐந்தை. மூன்றரை என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் சாரத்துக்குப் போங்கள்.

சாரமும் உங்கள் பக்கம் இல்லை. கெமாலின் தந்தை அப்துல்காதிர் கெமாலி அங்காராவின் முதல் தேசிய சபையில் உறுப்பினர். 1930இல் எதிர்க்கட்சி தொடங்கினார், அது மூடப்பட்டது, நாட்டைவிட்டு ஓடினார். மகன் பெய்ரூத்தில் அச்சகத்தில் வேலை பார்த்தான். திரும்பி வந்து தென் துருக்கியின் அடானா நகரப் பஞ்சாலைகளில் கூலியாகவும் எழுத்தராகவும் உழைத்தான். மனைவி நூரியேயும் ஆலைத் தொழிலாளிதான். 'முர்த்தசா' நாவலின் காவலாளி, வேலை நேரத்தில் கண்ணயர்ந்த சொந்த மகளையே அடிக்கிறான். அவள் இறந்துபோகிறாள். இந்த மனிதனை நாசிம் பிரெஞ்சுப் பாடத்தில் சொல்லிக்கொடுத்தாரா? ஆலை கொடுத்தது.

குறிஞ்சிமணி:
'சோஷலிச யதார்த்தவாதி', அதாவது உழைப்பவர் வாழ்வைச் சோஷலிச நம்பிக்கையோடு எழுதுபவர் என்ற பட்டத்தை இருவருமே கேள்வி கேட்கவில்லை. 1954இல் வந்த 'வளமான மண்ணின் மேல்' நாவலில் சிவாஸ் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று பேர் பிழைப்புக்கு அடானாவைச் சுற்றியுள்ள பருத்திச் சமவெளியான சுகுரோவா போகிறார்கள். ஹசன் நோயில் சாகிறான். அலி கதிரடிக்கும் எந்திரத்தில் காலைப் பறிகொடுத்துச் சாகிறான். யூசுஃப் கொத்து வேலை கற்று, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறான். இதில் சோஷலிசம் எங்கே இருக்கிறது, அடுப்பிலா?

விடியல்தாசன்:
குறிஞ்சிமணி வழக்கம்போலத் திசைதிருப்புகிறார். முன்பு நடந்த ரஷ்ய எழுத்தாளர் கார்க்கி பற்றிய விவாதத்தில் பாதியில் ஓடிப்போனவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? அந்த விளக்கத்துக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

அதே கார்க்கியையும் நாசிமையும் படித்தார் என்றுதான் ராணுவ சேவையில் இருந்த கெமாலைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஆக, நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் நாசிமின் ஆள்!

பருத்திக்கொட்டை:
நேற்று ஐந்து. இன்று சந்திப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நாளைக்குக் கருவிலேயே நாசிம் பாடம் எடுத்தார் என்பீர்கள். மூன்றரை ஐயா, மூன்றரை!

அனலேந்தி:
இந்த ஓர்ஹான், இன்னொரு துருக்கி நாவலாசிரியர் யஷார் கெமாலின் தம்பிதானே? அண்ணன் அளவுக்கு எழுத்தில் வீச்சு கிடையாது. இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

பருத்திக்கொட்டை:
அனலேந்தி அவர்களே, யஷார் 1923இல் பிறந்தவர், ஓர்ஹான் 1914. உங்கள் குடும்பத்தில் தம்பி முதலில் பிறப்பாரோ? ஓர்ஹான் கெமாலின் இயற்பெயர் மெஹ்மெத் ராஷித் ஓயுட்சு. மற்றவர் கெமால் சாதிக் கோக்செலி. இருவரும் சுகுரோவாக்காரர்கள், அவ்வளவுதான் உறவு.

அனலேந்தி:
தம்பி என்றது தரத்தை வைத்து. எல்லாவற்றையும் ஜாதகம்போல் பார்ப்பவர்களுக்கு இலக்கியம் எதற்கு?

விடியல்தாசன்:
ஜாதகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நாசிம் பூர்சாவுக்கு வந்தது 1940 குளிர்காலத்தில். கெமால் விடுதலையானது 1943 செப்டம்பரில். பருத்திக்கொட்டை விரல்விட்டு எண்ணட்டும், மூன்றாண்டு நிறைவதே சந்தேகம். உங்கள் மூன்றரை எங்கே போயிற்று?

பருத்திக்கொட்டை:
அற்புதம். ஐந்து என்று எழுதிய கையே இப்போது மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது! நூலுக்குப் பெயர் வைத்தவர் கெமால், நான் அல்ல. அவர் மூன்றரை என்றால் மூன்றரை. மேலும் கேளுங்கள். நாசிம் உள்ளேயே கிடக்க, வெளியே வந்த கெமால் மீண்டும் கூலி வேலைக்கு அலைந்தார். முதல் சிறுகதைத் தொகுப்பு 'ரொட்டிச் சண்டை' வந்தது 1949இல். பிறகு இஸ்தான்புல்லுக்குக் குடிபெயர்ந்து, வீட்டு வாடகைக்காகப் பத்திரிகைத் தொடர்களும் திரைக்கதைகளும் எழுதித் தள்ளினார். அதற்கும் நாசிம்தான் காரணமா?

விடியல்தாசன்:
'72ஆம் கொட்டடி' சிறையில் கிடந்தவர் எழுதிய கதை. அதையும் பஞ்சாலைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்களேன்.

பருத்திக்கொட்டை:
சிறை வேறு, நாசிம் வேறு. கொட்டடியில் பசியோடு கிடந்த கைதிகளெல்லாம் உங்களுக்குக் கவிஞரின் மாணவர்களாகத் தெரிகிறார்கள்.

குறிஞ்சிமணி:
நான் அடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தேன்.

விடியல்தாசன்:
கார்க்கிக்குப் பதில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள்.

அனலேந்தி:
யஷார் கெமாலைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். தேதி கேட்பவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

பருத்திக்கொட்டை:
தொடங்குங்கள். முதல் பின்னூட்டம் என்னுடையது.