இலை எடை பதிய 4 செகண்ட்னு கணக்கு போட்டேன், அரை நிமிஷம் ஆகுது, எங்க தப்பு?

கோத்தகிரி_பனி:
வணக்கம். கோத்தகிரி பக்கம் பச்சை இலை எடை போடுற ஒரு இடத்துக்கு டேப்லெட் ஆப் பண்ணி குடுத்திருக்கேன், இலை கொண்டு வர்றவங்களே அவங்க நம்பர் 4 இலக்கம், கிலோ 2 இலக்கம் தட்டி ஓகே குடுக்கணும். கார்ட், மோரன், நியூவெல்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் 1980ல சொன்ன கீஸ்ட்ரோக் லெவல் மாடல் (கம்ப்யூட்டர்ல ஒரு வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கணிக்கிற முறை) வெச்சு பாத்தேன், ஒரு தட்டுக்கு 0.2 செகண்ட், ஒரு யோசனைக்கு 1.35, ஆக ரெண்டு யோசனை ஏழு தட்டு மொத்தம் 4.1 செகண்ட். நிஜத்துல வயசானவங்களுக்கு அரை நிமிஷம் ஆகுது, பின்னாடி சாக்கோட வரிசை நிக்குது, சிலர் ஓகேவ ரெண்டு தடவ அமுக்கி ரெண்டு என்ட்ரி விழுந்துருது. போகப்போக பழகிடும்னு விட்டுடலாமா, இல்ல டிசைனே தப்பா?

குன்னூர்_கீபோர்டு:
டிசைன்தாங்க. அந்த மாடல் வேலை நல்லா பழகி தப்பே பண்ணாத ஆளுக்கு மட்டும்தான், 0.2ங்கறது நிமிஷத்துக்கு 55 வார்த்தை அடிக்கிற டைப்பிஸ்ட்டோட கை வேகம். அத இலை பறிச்சுட்டு வர்ற கைக்கு வெச்சா எப்படி பொருந்தும்? அப்புறம் அதே மாடல்ல மெஷின் பதில் சொல்ற நேரத்துக்கும் தனி கணக்கு இருக்கு, அத விட்டுட்டீங்க. அமுக்குனதும் ஸ்கிரீன்ல ஒண்ணும் மாறலன்னா யாரா இருந்தாலும் மறுபடி அமுக்குவாங்க. பட்டன் உடனே நிறம் மாறி பூட்டிக்கட்டும்.

பூம்பாறை_மலை:
நான் கொடைக்கானல் பக்கம், இங்கயும் இதே குளிர்தான். டேப்லெட் ஸ்கிரீன் விரல்ல இருக்கற மின்கடத்தும் தன்மைய வெச்சுதான் தொடுறத கண்டுபிடிக்குது, ஈரம் பட்டா குழம்பிடும், கம்பளி கையுறை போட்டா தெரியவே தெரியாது. காலைல இலையோட ஈரக்கையா வர்றவங்கள சொல்லி குத்தமில்ல. பேசாம யூஎஸ்பி நம்பர் கீபேட் ஒண்ணு மாட்டிடுங்க.

குன்னூர்_கீபோர்டு:
@பூம்பாறை_மலை நல்ல யோசனைதான், ஆனா கடைல கிடைக்கிற கீபேட்ல கால்குலேட்டர் மாதிரி 7 8 9 மேல இருக்கும், போன்ல 1 2 3 மேல. 1960 வாக்குல பெல் லேப்ஸ்ங்கற அமெரிக்க போன் ஆராய்ச்சிக்கூடத்துல பட்டன அடுக்குற பல முறைய ஆளுங்கள வெச்சு சோதிச்சு பாத்துதான் போனுக்கு அது வந்துச்சு. போன் பழகுன கை கீபேட்ல 1க்கு 7 அடிச்சா கிலோ கணக்கே போச்சு.

தேயிலைவீட்டு_பொண்ணு:
தம்பி, எங்கம்மா முப்பது வருஷமா இலை போடுறாங்க, அதனால சொல்றேன். அவங்க தெரியாம நிக்கல, சரி பாக்கறாங்க. தராசுல எவ்ளோ, ஈரத்துக்கு எவ்ளோ கழிச்சாங்க, மீதி எவ்ளோ, புக்ல என்ன எழுதுனாங்க, நாலையும் ஒத்துப் பாக்காம நகர மாட்டாங்க, அது ஒரு மாசத்து காசு. அந்த நேரத்த நீங்க தாமதம்னு எண்ணிட்டீங்க. தட்டுற வேலைய எடை போடுறவர்கிட்ட குடுங்க, அவர் தினமும் நூறு தடவ தட்டுவாரு, உங்க 4 செகண்ட் அவருக்கு கிட்டத்தட்ட பொருந்தும். எங்கம்மாவுக்கு வேண்டியது அவங்க பக்கம் திரும்புன ஒரு ஸ்கிரீன், பெரிய எழுத்து.

கோத்தகிரி_பனி:
அக்கா, இன்னிக்கு காலைல போய் ஒரு மணி நேரம் சும்மா நின்னு பாத்தேன், நீங்க சொன்னதேதான். ஒரு பாட்டி தராசு, ஸ்கிரீன், புக்குனு மூணு சுத்து பாத்துட்டுதான் ஓகே அமுக்குனாங்க, என் ஆப்ல கழிவு எங்கயுமே காட்டல. மொத்தம், கழிவு, மீதி மூணையும் பெருசா காட்டி, சத்தமா படிச்சும் சொல்ற மாதிரி மாத்துறேன். படுக மொழில குரல் பதிவு பண்ணி தர யாராச்சும் இருக்கீங்களா, எண்கள் மட்டும் போதும்.