றொசலின்ட் பிராங்ளினின் பங்கை மாணவிகளுக்கு எவ்வாறு எடுத்துச் சொல்வது?

வினா — உயிரியல் ஆசிரியை, கோண்டாவில்

வணக்கம். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கின்றேன். டி.என்.ஏ.யின் கட்டமைப்பை ‘வற்சன், கிறிக் மாதிரி’ என்று சொல்லியே நாம் பழகிவிட்டோம். விஞ்ஞான மன்றத்தின் அடுத்த கூட்டத்தில், டி.என்.ஏ.யை எக்ஸ் கதிரால் ஆராய்ந்த றொசலின்ட் பிராங்ளின் பற்றிப் பேச வேண்டும் என்று மாணவிகளே கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அறிந்து வைத்திருப்பது ஒரேயொரு கதைதான்: டி.என்.ஏ.யை எக்ஸ் கதிரால் எடுத்த அவருடைய ‘51ஆம் இலக்கப் படம்’ திருடப்பட்டது, திருடியவர்கள் நோபல் பரிசு பெற்றார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை? அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருந்தது? நடந்த அநீதியை மறைக்காமலும், நிறுவ முடியாத குற்றச்சாட்டைப் பிள்ளைகளின் மனத்தில் பதிக்காமலும் பேச விரும்புகின்றேன். விடயம் அறிந்தவர்கள் உதவினால் நன்றியுடையேன்.

மறுமொழி — ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், வட்டுக்கோட்டை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். திருட்டுக் கதையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே எனது வேண்டுகோள். அது பிராங்ளினுக்காகப் பரிந்து பேசுவதுபோலத் தோன்றினாலும், பிறர் வந்து பொருள் சொல்லும்வரை தன் கையில் இருப்பது என்னவென்று அறியாமல் படமெடுத்துக்கொண்டிருந்தவராகவே அவரைக் காட்டுகிறது. அவர் அப்படிப்பட்டவரல்லர்.

1951 ஜனவரியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தபோதே, நிலக்கரியின் நுண்துளைகள் பற்றிய ஆய்வாலும், பரிஸ் நகரில் கைதேர்ந்த எக்ஸ் கதிர்க் கோணல் முறையாலும் (பொருளினூடாகச் செல்லும் கதிர்கள் சிதறும் பாங்கிலிருந்து அதன் கட்டமைப்பை அறியும் முறை) அவர் அறியப்பட்டிருந்தார். கிங்ஸ் கல்லூரியில் அவர் முதலில் செய்த பெரிய காரியம் ஈரப்பதனைக் கட்டுப்படுத்தியமையாகும். உப்புக் கரைசல்களினூடாக ஐதரசன் வாயுவைச் செலுத்தி, கமெராவுக்குள் இருந்த டி.என்.ஏ. நாரைச் சுற்றியுள்ள ஈரப்பதனை வேண்டிய அளவில் நிறுத்தினார். இதனால் டி.என்.ஏ. இரண்டு வடிவங்களில் இருப்பது தெளிந்தது: ஏறத்தாழ 75% ஈரப்பதனில் பளிங்குத்தன்மை மிகுந்த ‘ஏ’ வடிவம், 90%ஐத் தாண்டும்போது நீர் புகுந்து நீளுகின்ற ‘பி’ வடிவம். முன்னர் எடுக்கப்பட்ட படங்கள் குழம்பியிருந்ததற்கு இவ்விரண்டும் கலந்திருந்தது ஒரு முக்கிய காரணம். (அந்த முன்னோடிப் படங்களை லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1938 அளவில் எடுத்தவரும் புளோரன்ஸ் பெல் என்ற பெண்ணே, அவரது பெயரையும் மாணவிகள் அறிந்திருப்பது நல்லது.)

நீர் இவ்வளவு எளிதாக உட்புகுந்து வெளியேறுவதால், அதனை ஈர்க்கும் பொசுபேற்றுக் கூட்டங்கள் மூலக்கூறின் வெளிப்புறத்தில்தான் இருக்க வேண்டும் என்று பிராங்ளின் முடிவு செய்தார். 1951 நவம்பரில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட வற்சன், நீரின் அளவைப் பிழையாக நினைவில் வைத்துக்கொண்டு கேம்பிறிட்ஜ் திரும்பி, கிறிக்குடன் சேர்ந்து பொசுபேற்றுகளை உள்ளே வைத்து மூன்று இழை மாதிரியொன்றைக் கட்டினார். அதைப் பார்க்கச் சென்ற பிராங்ளின், அது ஏன் நிற்காது என்பதை அந்த இடத்திலேயே விளக்கினார்.

51ஆம் இலக்கப் படத்தை 1952 மே மாதத்தில், பிராங்ளினின் மேற்பார்வையில், ஆய்வு மாணவர் றேமண்ட் கொஸ்லிங் 60 மணித்தியாலத்துக்கும் மேலாகக் கதிரைச் செலுத்தி எடுத்தார். இதனைக் கரும்பலகையில் வரைந்தே விளக்கலாம். நடுவில் தெரியும் பெருக்கல் குறி சுருளின் அடையாளம். குறியின் கைகளில் ஏணிப்படிபோல அமைந்த புள்ளி வரிசைகளின் இடைவெளியிலிருந்து, சுருளின் ஒரு சுற்று 3.4 நானோமீற்றர் என்று கணிக்கலாம். மேலும் கீழும் உள்ள கருமையான பட்டைகள், 0.34 நானோமீற்றருக்கு ஒரு தடவை ஏதோவொன்று அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டுகின்றன. ஆகவே ஒரு சுற்றுக்குப் பத்து அடுக்குகள். படத்தில் தூரம் கூடினால் மூலக்கூறில் தூரம் குறையும் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். மற்றதை மாணவிகளே கணித்துவிடுவார்கள். நான்காவது வரிசை படத்தில் காணப்படாதது, இரண்டு இழைகள் சம இடைவெளியின்றி ஒன்றையொன்று சுற்றுவதோடு பொருந்துகிறது.

மறுமொழி — ஆய்வு மாணவி, திருநெல்வேலி

ஐயாவின் விளக்கத்தை ஏற்கின்றேன். ஆயினும் ‘திருட்டு’ என்ற சொல்லைத் தவிர்க்கும் வேளையில், நடந்ததைச் சிறிதாக்கிவிடவும் கூடாது.

பிராங்ளின் இலண்டன் பேர்க்பெக் கல்லூரிக்கு மாறவிருந்ததால், கொஸ்லிங், கிங்ஸ் கல்லூரியிலேயே டி.என்.ஏ.யை ஆராய்ந்த மொறிஸ் வில்கின்சின் பொறுப்புக்கு வந்துகொண்டிருந்தார். அவ்வாறே படமும் வில்கின்சின் கைக்கு வந்தது. அவர் அதனை 1953 ஜனவரி 30 அன்று வற்சனுக்குக் காட்டியது பிராங்ளினுக்குத் தெரியாது. என் பார்வையில் இதைவிடப் பெரிய விடயம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபைக்காக 1952 டிசம்பரில் தயாரிக்கப்பட்ட அறிக்கை. அதிலிருந்த பிராங்ளினின் அளவீடுகளை, கேம்பிறிட்ஜில் கிறிக்கின் ஆய்வுப் பிரிவுக்குத் தலைவரான மக்ஸ் பெரூட்ஸ் 1953 பெப்ரவரியில் கிறிக்கிடம் கொடுத்தார். அந்த அறிக்கை இரகசியமானதன்று என்பது உண்மை. அளந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை என்பதும் உண்மை. ‘ஏ’ வடிவத்தின் சமச்சீர் வகையைப் பிராங்ளின் அதில் குறித்திருந்தார். ஈமோகுளோபினில் அதே வகையைக் கண்டிருந்த கிறிக், இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசைகளில் ஓட வேண்டும் என்று உடனே உணர்ந்தார்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தச் சமச்சீரின் பொருளைப் பிராங்ளின் அப்போது எட்டியிருக்கவில்லை. டி.என்.ஏ.யின் நான்கு மூலங்களுள் அடனின் தைமினோடும் குவானின் சைற்றோசினோடும் சோடி சேரும் என்ற திறப்பு வற்சனுக்கும் கிறிக்குக்கும் உரியது. ஆனால் 1953 பெப்ரவரி 24இல் பிராங்ளின் தம் குறிப்பேட்டில் இரண்டு வடிவங்களையும் இரட்டை இழைச் சுருள்களாகவே ஆராய்ந்துகொண்டிருந்தார். 1953 ஏப்ரில் 25ஆம் திகதிய ‘நேச்சர்’ இதழில் டி.என்.ஏ. பற்றி மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. பிராங்ளின், கொஸ்லிங் இருவரின் கட்டுரை மூன்றாவதாக வைக்கப்பட்டதால், வற்சன், கிறிக் மாதிரிக்கு அடித்தளமாக இருந்த தரவுகள் மாதிரியை உறுதிப்படுத்த வந்தவைபோல வாசகருக்குத் தோன்றின. அநீதி எங்கே நடந்தது என்று மாணவிகள் கேட்டால், நான் இந்த வரிசையைத்தான் முதலில் காட்டுவேன்.

வினா தொடர்ச்சி — உயிரியல் ஆசிரியை, கோண்டாவில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நோபல் பரிசு ஏன் கொடுக்கப்படவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். உயிரோடு இருந்திருந்தால் கிடைத்திருக்குமா?

மறுமொழி — தாவரவியல் விரிவுரையாளர், கொக்குவில்

பிராங்ளின் 1958 ஏப்ரில் 16இல், 37ஆவது வயதில், சூலகப் புற்றுநோயால் காலமானார். வற்சன், கிறிக், வில்கின்ஸ் மூவருக்கும் பரிசு 1962இல் வழங்கப்பட்டது. ஏற்கெனவே இறந்தவர்களுக்கு அப்பரிசுக்குப் பரிந்துரை செய்யும் வழக்கம் இல்லை. ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்வதும் இல்லை. அவர் இருந்திருந்தால் எவர் விடுபட்டிருப்பார் என்ற ஊகத்துக்குள் மாணவிகளை இழுக்காமல், 1953க்குப் பிந்திய ஐந்து ஆண்டுகளில் அவர் செய்ததைச் சொல்லுங்கள்.

பேர்க்பெக்கில் பேர்னலின் ஆய்வுகூடத்தில் அவர் எடுத்துக்கொண்டது புகையிலைச் சித்திரவடிவ வைரசு. புகையிலை விளையும் எமது மண்ணின் பிள்ளைகளுக்கு இலைத் தேமல் என்றால் விளங்கும். அந்த வைரசின் புரதங்கள் சுருளாக அடுக்கப்பட்டிருப்பதையும், ஆர்.என்.ஏ. நடுத்துளையில் கிடக்காமல் புரதங்களுக்கிடையே பதிந்து சுருண்டு செல்வதையும் அவரது குழுவினர் காட்டினர். அவரோடு அங்கு பணியாற்றிய ஆரன் குளூக் 1982இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

வரலாற்றாசிரியர்களான மத்தியூ கொப், நதானியல் கம்போர்ட் இருவரும் 2023இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியபோது, பிராங்ளினை ஏமாற்றப்பட்டவராக அன்றி, நால்வருள் சமமான பங்களிப்பாளராகவே கணிக்க வேண்டும் என்று வாதிட்டனர். நானும் அவர்களின் பக்கமே நிற்கின்றேன். கூட்டத்துக்குப் பின்னர், அந்த மூன்றாவது கட்டுரையை மாணவிகளின் கையில் கொடுத்துவிடுங்கள். மிகச் சுருக்கமான கட்டுரை. 51ஆம் இலக்கப் படம் அச்சாகியிருப்பதும் அதிலேதான், பிராங்ளின், கொஸ்லிங் ஆகியோரின் பெயர்களோடு.