புதுப்பிப்பு: காற்று ஸ்பிரிங் பொருத்திய பின் என் பிக்கப்

6,000 பவுண்டு டிரெய்லரை மாட்டியதும் என் ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டியின் பின்பகுதி மூன்று அங்குலம் தாழ்ந்துவிடுவதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பின் அச்சின் மேலுள்ள லீஃப் ஸ்பிரிங்கில் (எஃகுப் பட்டை அடுக்கில்) கூடுதல் பட்டை சேர்க்கப் பலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் சுமையில்லாத நாள்களிலும் வண்டி தூக்கிப்போடும் என்பதால், வண்டியின் அடிச்சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் இடையே, காற்றடைக்கும் ரப்பர் பைகளான காற்று ஸ்பிரிங்குகளையே பொருத்தினேன்.

35 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்றடித்ததும் தொய்வு ஓர் அங்குலத்துக்குள் அடங்கியது. எதிரே வருவோரின் கண்ணைக் கூசச்செய்த முகப்பு விளக்கும் தணிந்தது. ஆனால் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. டிரெய்லரை மாட்டும் இணைப்பு முனையில் விழும் ஏறத்தாழ 720 பவுண்டு எடை, பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட நெம்புகோல்போல், முன் அச்சின் சுமையில் 300 பவுண்டைக் குறைத்திருந்தது. காற்று ஸ்பிரிங்குகள் பின்புறத்தை நிமிர்த்தினவே தவிர, அந்த எடையை முன்னுக்குத் திருப்பவில்லை. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் மிதப்பதுபோல் இருந்ததற்கு அதுவே காரணம். எடையைப் பகிரும் இணைப்புக் கம்பிகளை, ஸ்பிரிங்கில் காற்றைக் குறைத்துவைத்து இறுக்கிய பிறகே, 200 பவுண்டு முன் அச்சுக்குத் திரும்பியது.

இனி வண்டியில் கூடுதல் சுமை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: இல்லை, கதவோரம் ஒட்டியுள்ள தகவல் சீட்டில் அச்சிட்ட சுமை வரம்பு இதனால் ஒரு பவுண்டுகூட உயராது. வெறும் வண்டியாக ஓடும்போதும், பை மடிந்து நசுங்காதிருக்க 5 பிஎஸ்ஐ விட்டுவைக்கிறேன்.